பாசிக்குப் புழுவெட்டு

மே 14, புதன்

ஆறு தொட்டிக்கும் இன்று தண்ணீர் விட்டோம். மூடிக்கிடக்கும் ரைஸ்மில்லின் களத்தில்தான் எங்கள் மகளிர் குழுவின் தொட்டிகள் இருக்கின்றன. தொட்டி என்றதும் ஆழமாக நினைக்க வேண்டாம். செங்கல்லைச் சுற்றி அடுக்கி, உள்ளே தார்ப்பாயை விரித்தால் அதுதான் தொட்டி. கோழி இறங்கினால் நின்றுகொண்டே தண்ணீர் குடிக்கலாம். சலித்த வயல்மண், சூப்பர் பாஸ்பேட், கொஞ்சம் சுண்ணாம்பு போட்டுத் தண்ணீர் விட வேண்டும். மண் படிந்து தெளிந்ததும் பாசி விதை தூவ வேண்டும். நல்ல வெயில் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் பாலில் ஆடை படிகிற மாதிரி நீலப்பச்சையாகப் பாசியாடை படியும். பிறகு தண்ணீரை வற்ற விட்டால் அது காய்ந்து வெடித்து, அப்பளம் போலச் சுருண்டு எழும்பும். அதைப் பொறுக்கி மூட்டை கட்டினால் பாசி உரம். நட்ட வயலில் தூவினால் யூரியாவைக் குறைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். யாராவது எதிரில் நின்று கேட்டால் மட்டும் வாயில் வராது. எழுதினால் வருகிறது.

முதல் பிடி விதையை எப்போதும் ராசாம்பாள் பெரியம்மாதான் தூவுவார். ஊரில் நாற்று விட்டாலும் நடவு தொடங்கினாலும் அவர் கைதான் முதலில் படும். அப்படிக் கைராசி. ஆனால் இன்று குழுத் தலைவி ரெங்கநாயகி அக்கா, "இந்தத் தடவ கோமளவல்லி போடட்டும்" என்றார். அம்மா பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு கோமளவல்லி யாராவது நிற்கிறாளா என்று. பெரியம்மா சிரித்துக்கொண்டே ஒதுங்கி நின்றார். தன்னுடைய மற்ற வேலையை மட்டும் விடவில்லை. போன தடவை மண்ணில் எடுத்து வைத்திருந்ததை மடியிலிருந்து அவிழ்த்து, ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு பிடி போட்டார். பழைய மண் சேர்ந்தால்தான் புது மண்ணுக்குத் தெம்பு என்பார். ஆறாவது தொட்டிக்கு வரும்போது மடி காலி. "இதுக்கு இல்லடி, பொழச்சுக்கட்டும்" என்று கையைத் தட்டிக்கொண்டார். எல்லாரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து அம்மா வெகுநேரம் கை கழுவவில்லை.

மே 20, செவ்வாய்

பச்சை தெரிகிறது. தண்ணீருக்கு அடியில் மண் மேல் மெல்லிய பட்டு விரித்தமாதிரி. என் வேலை காலையும் மாலையும் தண்ணீர் மட்டம் பார்ப்பது, சருகு எடுப்பது, நாய் வராமல் பார்த்துக்கொள்வது. தனியாக இருக்கலாம். இந்த வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பக்கத்து வீட்டுப் புஷ்பம் அக்கா, பள்ளிக்கூடம் திறக்கப் போகிறதே, நீ திரும்பப் போகலையா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். படிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஒன்பதாவதில் எழுந்து நின்று வாய்விட்டு வாசிக்கச் சொல்வார்கள். நிற்பேன். மற்றவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை.

மே 24, சனி

இரண்டாவது தொட்டியில் வட்டமாக ஒரு சொட்டை. ஐந்து ரூபாய்க் காசு அளவு. பாசி கொஞ்சமும் இல்லை, வெறும் மண் தெரிகிறது. வட்டம் காம்பஸ் வைத்து வரைந்தது போல் இருக்கிறது.

நத்தை. சந்தேகமே இல்லை.

மே 26, திங்கள்

நத்தைகளைப் பொறுக்கி எடுத்துத் தூரப் போட்டேன். இருந்ததே நாலைந்துதான். சொட்டை தோசை அளவுக்கு ஆகிவிட்டது. மூன்றாவதிலும் நாலாவதிலும் புதிதாக விழுந்திருக்கிறது.

இது வாத்து. மேய்ச்சலுக்கு வந்த வாத்துக்கூட்டம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் பட்டி போட்டிருக்கிறது. வலை கட்டிவிட்டேன். இனிமேல் சரியாகிவிடும்.

மே 29, வியாழன்

வாத்து இல்லை. வாத்துக்காரர்கள் நேற்றே கிளம்பிப் போய்விட்டார்கள், சொட்டை இன்றும் வளர்ந்திருக்கிறது. வலையைக் கழற்றினேன்.

ஐந்து தொட்டியிலும் இப்போது தலையில் விழுகிற புழுவெட்டு மாதிரி வட்டம் வட்டமாக. சில வட்டங்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிட்டன. ஆறாவது மட்டும் மூலை வரைக்கும் பச்சை.

பெண்கள் வந்து பார்த்தார்கள். வடிவாம்பாள் அத்தைதான், "எல்லாம் போன தடவ மாதிரிதானே செஞ்சோம். மாறுனது கை ஒண்ணுதான்" என்றாள். ராசாம்பாள் பெரியம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

ஆறாவது தொட்டியையும் அம்மா கைதானே தூவியது என்று எனக்குச் சொல்லத் தெரியும். சொல்லவில்லை. ரெங்கநாயகி அக்கா சொன்னார். அதற்கும் அத்தையிடம் பதில் இருந்தது. ஆறாவதில் தூவும்போது விதைத் தட்டை ரெங்கநாயகி பிடித்துக்கொண்டிருந்தாராம், அது ரெங்கநாயகியின் ராசியாம்.

அம்மா துடைப்பத்தை எடுத்துக் களத்தைப் பெருக்க ஆரம்பித்தாள். களம் பெருக்கியாகிவிட்டது, நான் காலையில் பெருக்கினேன்.

ஜூன் 1, ஞாயிறு

புஷ்பம் அக்கா எங்கள் வீட்டில்தான் உறைமோர் வாங்குவார். நேற்றும் இன்றும் வரவில்லை. டம்ளரோடு எங்கள் வாசலைத் தாண்டிக் கோடிவீட்டுக்குப் போனதைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். "அவ வீட்டு மோர் புளிக்காது, அதான்" என்றாள்.

இதை நான் தெளிவாக எழுதிவைக்கிறேன். ஒருத்தி கை சரியில்லை என்று ஊரில் பேர் விழுந்தால் விதை தொட விடமாட்டார்கள். நாற்றுமுடி தொட விடமாட்டார்கள். குறுவை நடவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். நடவுக்குச் சேர்ந்து போகும் பெண்கள் கொத்தில் அம்மாவைச் சேர்க்கவில்லை என்றால் வேறு வேலை கிடையாது. நேரில் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். கூப்பிடாமல் விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான்.

அப்பா காரைக்காலில் வேலை பார்க்கிறார். வேலை அதிகம் என்பதால் போன பொங்கலுக்கு வரமுடியவில்லை. அதற்கு முந்தின பொங்கலுக்கும். குழாயடியில் வடிவாம்பாள் அத்தை யாரிடமோ அம்மாவின் கையில் எதுதான் நின்றது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 4, புதன்

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நஸ்ரின் மேடம் வந்தார். எங்களுக்குப் பாசி விதை கொடுப்பவர் அவர்தான். ஸ்கூட்டியை நிறுத்தியதும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். சொட்டையின் ஓரத்தில் சொட்டு மருந்துக் குழாய் மாதிரி ஒன்றால் உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் விட்டு, கொண்டுவந்திருந்த சின்ன மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பாரு, மேய்ச்சல் நடக்குது."

முதலில் என் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. பிறகு தெரிந்தது. பாசி அங்கே ஆடையாக இல்லை, மணி கோத்த நூல் நூலாக இருந்தது. நடுவில் கலங்கல் தண்ணீர் மாதிரி ஒன்று. ஓரம் அசைந்தபோதுதான் அதற்கு உயிர் இருக்கிறது என்று தெரிந்தது. அமீபா. எட்டாவதில் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். புத்தகத்தில் அது ஒரே இடத்தில் கையை விரித்துக்கொண்டு கிடக்கும். இங்கே வேலை செய்துகொண்டிருந்தது.

மேடத்துக்கு அடுத்த ஊருக்குப் போகவேண்டியிருந்தது. மைக்ராஸ்கோப் உங்களிடமே இருக்கட்டும், வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று ரெங்கநாயகி அக்காவிடம் சொன்னார். அக்கா அதை என் கையில் கொடுத்தார். நான் கேட்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

மத்தியானம் முழுக்கப் பார்த்தேன். சோறு ஆறிவிட்டது.

பாசியைத் தின்பது அமீபா மட்டும் இல்லை. தலையில் இரண்டு சக்கரம் சுழல்கிற மாதிரி மயிர் உள்ள ஒன்று, தண்ணீரைச் சுழற்றித் துணுக்குகளை வாய்க்குள் இழுக்கிறது. துவரை போல ஓடு மூடிய ஒன்று, காலை வெளியே நீட்டி மண்ணைச் சுரண்டிக்கொண்டு ஓடுகிறது. கண்ணுக்கே தெரிகிற கொசுப்புழுவும் ஓரத்தைக் கடிக்கிறது. எல்லாம் அவசரக்காரர்கள். இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய்.

அமீபாவுக்கு அவசரம் இல்லை. பாசி நூலின் ஒரு நுனியைப் பிடிக்கிறது. அதன் மேல் வழிந்து மூடுகிறது. அப்புறம் நூலை உள்ளே இழுக்கிறது, நூல் இதன் உடம்பைவிடப் பல மடங்கு நீளம். உள்ளே இடம் போதாமல் நூல் வளைகிறது, சுருள்கிறது, நூற்கண்டு சுற்றினமாதிரி ஆகிறது. அப்புறம் உடைகிறது. உள்ளே போகும்போது நீலப்பச்சை. கொஞ்ச நேரத்தில் மஞ்சள் கலந்த பழுப்பு. கடைசியில் துரு நிறம். தின்றது என்ன ஆயிற்று என்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம், ஒளிவுமறைவு கிடையாது.

சொட்டை ஏன் வட்டமாக இருக்கிறது என்பதையும் நானே கண்டுபிடித்துவிட்டேன். வட்டத்தின் ஓரத்தில் எடுத்தால் அமீபா நெருக்கியடித்துக்கொண்டிருக்கிறது. நடுவில் எடுத்தால் ஒன்றுகூட நகரவில்லை, உருண்டை உருண்டையாகக் கிடக்கிறது. ஓர் இடத்தில் ஆரம்பித்து நாலா பக்கமும் தின்றுகொண்டே போகின்றன. தின்று முடித்த இடத்தில் பின்தங்கியவை சுருண்டு படுத்துவிடுகின்றன.

ஆறாவது தொட்டியில் மூலைக்கு மூலை எடுத்துப் பார்த்தேன். சக்கரக்காரன் உண்டு, கொசுப்புழு உண்டு. அமீபா ஒன்றுகூட இல்லை.

ஜூன் 9, திங்கள்

மேடத்துக்குப் போன் செய்தேன். நான்தான் செய்தேன். "ஹலோ" என்று அவர் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் என் குரல் வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை.

அந்த உருண்டைகள் செத்தவை இல்லை என்றார் மேடம். "தீனி இல்லன்னா, தண்ணி வத்துனா, அதுவே தன்னச் சுத்தி ஒரு ஓடு கட்டிக்கிட்டுப் படுத்துரும். காஞ்ச மண்ணுல அப்படியே கெடக்கும். திரும்பத் தண்ணி பட்டா முழிச்சுக்கும்." பிறகு யோசித்துவிட்டு, நான் தரும் விதை சுத்தமானது, வயல்மண் ஆறுக்கும் ஒரே குவியல், அப்படியானால் ஐந்தில் மட்டும் எங்கிருந்து வந்தது என்று என்னையே கேட்டார். வேறு ஏதாவது சேர்த்தீர்களா?

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

மடி. பழைய மண். ஆறாவது தொட்டிக்கு வரும்போது காலி.

மேடத்திடம் யாரும் இதைச் சொன்னதே இல்லை. மறைக்கவில்லை. கோலம் போட்டதையும் கற்பூரம் காட்டியதையும் யாராவது போன் செய்து சொல்வார்களா, அந்த மாதிரிதான் இதுவும். போன தடவை கடைசித் தொட்டி ஓரத்தில் ஒரு சின்னச் சொட்டை இருந்தது, தேரை உட்கார்ந்த இடம் என்று நினைத்தோம். அந்தத் தொட்டி மண்ணைத்தான் பெரியம்மா எடுத்து வைத்தார்.

மேடத்திடம் பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் நத்தையிலும் வாத்திலும்கூடச் சந்தேகம் இல்லாமல்தான் இருந்தேன். அதனால் சோதித்தேன். போன தடவை மூட்டையின் அடியில் தங்கியிருந்த காய்ந்த மண்ணை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, ஆறாவது தொட்டியின் பாசி ஒரு துண்டு மிதக்க விட்டு மூடி வைத்திருந்தேன். இன்று எடுத்துப் பார்த்தால் உள்ளே மேய்ச்சல்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். மைக்ராஸ்கோப்பைக் காட்டினேன். வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

"ராசாம்பாக்காவுக்குத் தெரியுமா?"

"இன்னும் யாருக்கும் தெரியாது. நாளான்னிக்குக் கூட்டத்துல சொல்லிரலாம்."

"சொல்லாத."

எனக்குக் கோபம் வந்தது. புஷ்பம் அக்காவின் டம்ளரைப் பற்றி, குழாயடியைப் பற்றி எல்லாம் சொன்னேன். அம்மா அரிசித் தண்ணீரை இறுத்தாள்.

"என் கை நல்ல கைன்னு சொல்லணும்னா இன்னொருத்தி கையக் கெட்டதுன்னு சொல்லணுமா? அந்தம்மாவுக்கு ஊருல அந்தக் கை ஒண்ணுதாண்டி இருக்கு."

உண்மைதான். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை, நிலம் இல்லை. முதல் நாற்றுமுடி அவர் வைத்தால்தான் நடவு. அதனால்தான் எல்லா வீட்டிலும் அவருக்கு இலை போடுகிறார்கள்.

ஆனால் அம்மாவுக்கு மட்டும் என்ன இருக்கிறது?

ஜூன் 13, வெள்ளி

குழுக் கூட்டம். ஐந்து தொட்டியையும் காலி செய்வது என்று பேசினார்கள். மறுபடி தொடங்குவதா, இந்த வருடத்துக்கு விட்டுவிடுவதா என்று பேசினார்கள். வடிவாம்பாள் அத்தை, தொடங்கினால் பழையபடி ராசாம்பாள் கையாலேயே தொடங்க வேண்டும் என்றாள். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தார்ப்பாயில் ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை, உட்கார்ந்துகொண்டே சொல்லியிருக்கலாம். எல்லாரும் திரும்பியதும் பள்ளிக்கூடம் மாதிரியே ஆகிவிட்டது. மைக்ராஸ்கோப், அமீபா, ஓடு எல்லாம் வரிசையாகச் சொல்ல வைத்திருந்தேன். வந்தது ஒன்றுதான்.

"மண்ண அவிச்சுப் பாக்கலாம்."

அத்தை கேட்டாள், "அவிச்சு? யாருக்குடி பந்தி போடப்போற?"

களமே சிரித்தது. பெரியம்மாவும் சிரித்தார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் ஆச்சரியம். சிரித்ததில் தொண்டை திறந்துகொண்டது. பாசியைத் தின்கிற பூச்சி மண்ணில் இருக்கிறது, காய்ந்தால் சாகாது, கொதித்தால் செத்துவிடும் என்று சொல்லிவிட்டேன். எந்த மண் என்று சொல்லவில்லை.

ரெங்கநாயகி அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மில்லில் நெல் அவிக்கிற அண்டா சும்மாதானே கிடக்கிறது, முதலில் இரண்டு பேசினில் செய்து பார் என்றார்.

ஜூன் 14, சனி

அண்டாவைத் தேய்க்கவே பாதி நாள் போயிற்று. நெல்லுக்குப் போடுவதுபோல் அடியில் தண்ணீர், மேலே தட்டு, தட்டில் ஈரச்சாக்கு, சாக்கில் மண். ஆவி வந்தபோது மழை பெய்த வாசனை வந்தது.

நீலப் பேசினில் அவித்த மண். சிவப்புப் பேசினில் அவிக்காத மண்ணோடு மூட்டையடி மண்ணும் ஒரு பிடி. இரண்டுக்கும் ஒரே பொட்டலத்து விதை. நீலத்தில் அம்மா தூவினாள்.

சிவப்பில் பெரியம்மாவைத் தூவச் சொன்னார் ரெங்கநாயகி அக்கா. பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது.

"என் கையப் பரீச்ச வைக்கிறீங்களா?" என்றார். சத்தம் போடவில்லை. "இத்தன வருசம் ஒங்க எல்லா வயல்லயும் வச்ச கை." எழுந்து போய்விட்டார்.

அதன் பிறகு யாரும் சிவப்புப் பேசினைத் தொடவில்லை. அது வெறும் தண்ணீரோடு கிடக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

மத்தியானம், களத்தில் கால் வைக்க முடியாத வெயில். அண்டா நிழலில் உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா வந்தார். கோழி இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்டார். அவரிடம் கோழி இல்லை.

பேசின் பக்கத்தில் நின்றார். பிறகு கையை நீட்டினார், என்னைப் பார்க்கவில்லை. பொட்டலத்தைக் கொடுத்தேன். ஒரு பிடி எடுத்து, கண்ணை மூடி, உதடு அசைய எதையோ சொல்லி, சிவப்புப் பேசினில் தூவினார்.

"யாருகிட்டயும் சொல்லாத தையலு."

என் முழுப்பெயர் தையல்நாயகி. பெரியம்மா மட்டும்தான் தையலு என்று கூப்பிடுவார்.

பேசாமல் இருப்பது எனக்கு நன்றாக வரும். சரி என்று தலையாட்டினேன்.

ஜூன் 18, புதன்

ஆறாவதில் பாசியைப் பொறுக்கி மூட்டை கட்டியாயிற்று, மற்ற ஐந்து தொட்டி மண்ணையும் கொட்ட வேண்டும். எங்கே கொட்டுவது என்று கேட்கத்தான் மேடத்துக்குப் போன் செய்தேன், இந்தத் தடவை ஒரே ஹலோவில் பேசினேன். இதை அடியோடு ஒழிக்க மருந்து உண்டா என்றும் கேட்டேன். மேடம் சிரித்தார். வயலில் அமீபா வேண்டுமாம். பாசி காற்றிலிருந்து பிடித்து வைத்திருக்கும் சத்து பாசியின் உடம்புக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். அமீபா தின்று கழித்தால்தான் அதில் ஒரு பங்கு வெளியே வந்து நெல்லின் வேருக்குப் போகும். "தொட்டியில அது திருடன், வயல்ல அது வேலக்காரன்" என்றார். பழைய மண் சேர்ந்தால் தெம்பு என்று பெரியம்மா சொல்வது அப்படியொன்றும் தப்பு இல்லை. இடம்தான் தப்பு.

நானும் அம்மாவும் கூடை கூடையாகச் சுமந்து ரெங்கநாயகி அக்காவின் நாற்றங்காலில் தெளித்தோம். வாய்க்காலில் புதுத் தண்ணீர் நுரையோடு வந்துகொண்டிருந்தது. கூட யாரும் வரவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பெரியம்மாவின் இல்லாத கோழி தினமும் தொலைகிறது.

நீலம் பச்சை. சிவப்பும் பச்சைதான். இரண்டும் ஒரே மாதிரி இருப்பதைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா இன்று வெற்றிலை போட்டுக்கொண்டு போனார். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது என்று எழுதலாம். கொஞ்சம்தான்.

ஜூன் 26, வியாழன்

சிவப்பில் சொட்டை.

பெரியம்மாதான் முதலில் பார்த்தார். நான் வாளியோடு வரும்போது பேசின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பி, அவர் பக்கம் நகர்த்தினேன். எந்தக் கண்ணை மூடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. என் உள்ளங்கையால் அவருடைய இடது கண்ணைப் பொத்தினேன்.

வெகுநேரம் பார்த்தார்.

"கண்டு சுத்துற மாதிரி சுத்தித் திங்கிதுடி" என்றார். "என்னா பசி."

பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருதாணிக் கறை நகத்தில் பாதி இறங்கியிருந்தது. "இதுதானா" என்றார். கையைச் சொன்னாரா, அமீபாவைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

அது மண்ணில் இருந்து வந்தது பெரியம்மா, கையிலிருந்து இல்லை, என்றேன். அவித்த மண்ணில் யார் தூவினாலும் பச்சைதான் என்றேன். நான் இவ்வளவு பேசியதே அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். எந்த மண் என்று கேட்டார். போன தடவை மூட்டையடி மண் என்றேன். அதற்கு மேல் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மடியைக் கையால் அழுத்திக்கொண்டு எழுந்தார்.

அவர் போனதும் சிவப்புப் பேசினைக் கவிழ்த்துவிட்டேன். சாயங்காலம் பெண்கள் வந்து நீலப் பேசினைப் பார்த்தார்கள். சிவப்பு என்ன ஆயிற்று என்று ரெங்கநாயகி அக்கா கேட்டார். நாய் தட்டிவிட்டது என்றேன். அக்கா என்னையும் நாய் இல்லாத களத்தையும் பார்த்துவிட்டு, சரி, ஆறு தொட்டிக்கும் மண்ணை அவிக்கலாம் என்றார்.

நீலப் பேசினில் தூவியது யார் கை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் வடிவாம்பாள் அத்தை, பேசின் வேறு தொட்டி வேறு என்றாள்.

ஜூலை 3, வியாழன்

மூன்று நாளாக மண் அவித்தோம். அத்தை சாக்கைப் பிரிக்கும்போதெல்லாம் "உப்பு பாரு, வெந்துருச்சா பாரு" என்று கேலி செய்துகொண்டே இருந்தாள், ஆனால் அதிகமாகச் சுமந்ததும் அவள்தான். தார்ப்பாயைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் போட்டோம். இன்று தண்ணீர் விட்டுத் தெளிந்தது.

கோலம் போட்டு, கற்பூரம் காட்டினார்கள். ரெங்கநாயகி அக்கா விதைத் தட்டைப் பெரியம்மாவிடம் நீட்டினார். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அம்மா பின்வரிசையில் நின்றாள்.

பெரியம்மா தட்டை வாங்கவில்லை. "எனக்குத் தோள்பட்ட வலி. கோமளம் போடட்டும்" என்றார்.

அத்தை ஏதோ சொல்ல வந்தாள். பெரியம்மா அவள் பக்கம் திரும்பி, "நான் சொல்லுறேன்ல" என்றார். அவ்வளவுதான். ராசாம்பாள் சொன்னால் அது ராசிக்காரி சொன்னது. அம்மா முன்னால் வந்தாள். கண் கலங்கியிருந்தாளா என்று தெரியவில்லை, கற்பூரப் புகை. முதல் தொட்டியில் தூவினாள். இரண்டாவதில் தூவினாள்.

அப்போதுதான் பார்த்தேன். அம்மாவுக்குப் பின்னால் நடந்துவந்த பெரியம்மாவின் கை மடிக்குப் போனது. வழக்கம்போல் பழைய மண் முடிச்சு இருந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. இத்தனை வருடம் அந்த இடத்தில் அந்தக் கை அப்படித்தான் போயிருக்கிறது. விரல் முடிச்சை அவிழ்த்துவிட்டது. பிடி மண் வெளியே வந்துவிட்டது.

எல்லாரும் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும்தான் இதைப் பார்த்தேன். சும்மா இருந்தால் மறுபடி எல்லாம் போகும். கையைப் பிடித்தால் பெரியம்மா எல்லார் முன்னாலும் சின்னப்பட்டுவிடுவார். யோசிக்க நேரம் இல்லை.

"பெரியம்மா, அது நாத்தங்காலுக்கு" என்றேன்.

சத்தமாகச் சொல்லிவிட்டேன். மில் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு பெரியம்மாவை. அவர் கை தண்ணீருக்கு மேல் அப்படியே நின்றது. தன் கையில் இருப்பதை அவரும் அப்போதுதான் பார்த்தார்.

"ஆமா," என்றார். "நாத்தங்காலுக்குத்தான் எடுத்தாந்தேன். போன மாசம் கோமளம் கொட்டுன எடத்துல நாத்தப் பாத்தீங்களா எல்லாரும்? கருகருன்னு நிக்கிது. இனிமே பழைய மண்ணு அங்கதான்." மண்ணைத் திரும்ப முடிந்துகொண்டு, வரப்பில் இறங்கி நடந்தார். நாற்றங்கால் வரைக்கும் போய், ஒரு தானம் கொடுக்கிற மாதிரி நின்று தூவியது இங்கிருந்தே தெரிந்தது.

அம்மா மூன்றாவது தொட்டிக்கு நகர்ந்தாள்.

ஜூலை 17, வியாழன்

ஆறும் பச்சை. மூலை வரைக்கும்.

தொட்டிகளை நான் பார்த்துக்கொண்டேன். அம்மா நடவுக்குப் போயிருக்கிறாள். விடிந்ததும் வாசலில் வந்து கூப்பிட்டது வடிவாம்பாள் அத்தை. முதல் முடியைப் பெரியம்மா வைத்தாராம், அவருக்குப் பக்கத்து வரிசையில் அம்மாவை நிறுத்திக்கொண்டாராம்.

புஷ்பம் அக்கா டம்ளரோடு வந்தார். அம்மா இல்லையா என்று வாசலிலேயே நின்றார். நான்தான் உறைமோர் ஊற்றிக் கொடுத்தேன்.

"ஒன் கையால வாங்குறது இதுதான் மொத தடவ. தோயுமா?" என்றார்.

"தோயும்" என்றேன்.